முன்னூற்று நாலு

ரூவியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர்.
ஹைமா தாண்டிய பின் கண்ணில் பட
பெட்ரோல் பங்கைத் தவிர ஒன்றுமில்லை.
தும்ரைத் இறக்கத்தில் கண்ணாடி மேல் முதல் துளி விழுந்தபோது
வைப்பரை எப்படிப் போடுவதென்று
சகாயராஜுக்கு மறந்து போயிருந்தது.
இண்டிகேட்டர் எரிந்தது, ஹாரன் அடித்தது,
அப்புறம்தான் வைப்பர் முனகிக்கொண்டு எழுந்தது.

மூன்று நாள் லீவு. நாலு பேர்.
தங்குவதற்கென்று ஒதுக்கியது ராத்திரிக்கு இருபது ரியால்.
அதற்கு மேல் ஒரு பைசா கிடையாதென்று
நோட்டில் எழுதி
எங்களிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தான் ஜபருல்லா.

ஜூலையில் சலாலாவில்
தூறல் இலவசம்.
கூரைக்குத்தான் காசு.

முதல் ஓட்டலில் நாற்பத்தைந்து.
அடுத்ததில் அறுபது, அதுவும் நேற்றே போய்விட்டதாம்.
மூன்றாவது ஓட்டல்காரர் எங்களைப் பார்க்கவில்லை,
வாசலில் நின்ற எங்கள் காரைப் பார்த்தார்.
சவூதி நம்பர், துபாய் நம்பர், குவைத் நம்பர்,
இடையில் பம்பரைக் கயிற்றால் கட்டிய எங்கள் மஸ்கட் வண்டி.

சலாம் தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு.
இருபத்திரண்டு சொன்னார்கள், பேசி இருபது.
சாவி கைக்கு வந்துவிட்டது.
பாதிப் படி ஏறியிருப்போம்,
கீழேயிருந்து காவல்காரர் கேட்டார்:
ஃபேமிலி எங்கே?

ஃபேமிலி
ஒன்று நாங்குநேரியில்,
ஒன்று கூத்தாநல்லூரில்,
ஒன்று பிரசவத்துக்காக அம்மா வீட்டில்.
என்னுடையது என்னோடு பேசிப் பதினோரு நாள்.
நாலு பேருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது, பிள்ளைகள் ஐந்து,
ஆறாவது வருகிற மாதம்.
இந்தக் கரையில் எங்களுக்குப் பெயர் பேச்சிலர்.

வள்ளிநாயகம் போனில் மகள் படத்தை எடுத்துக் காட்டினான்.
காவல்காரர் அதை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.
தன் போனை எடுத்து
பெஷாவரில் இரண்டு பையன்களைக் காட்டினார்.
சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

இத்தீன் மேட்டில் பாய் விரிக்கலாமென்று போனோம்.
பாய்க்குக் கீழே சேறு, மேலே மேகம்.
எதிரில் நிற்பவன் முகம் தெரியாத மூட்டத்தில்
ஒட்டகம் ஒன்று எங்களைச் சுற்றிப் போனது,
வாடகை கேட்க வந்ததுபோல.

ராத்திரி ஒரு மணிக்கு
விளக்கெரிந்த ஒரே ஷட்டர் சிராஜின் லாண்டரி.
சிட்டகாங்காரர். தமிழ் தெரியாது,
எங்கள் இந்தியும் அவருக்குப் புரியவில்லை.
இரண்டு விரலைக் காட்டினார். ஆளுக்கு இரண்டு.
அப்புறம் இஸ்திரிப் பெட்டியைக் காட்டித் தலையாட்டினார்:
இதை நிறுத்த மாட்டேன்.

தூறல் காலத்தில் துணி காய்வதில்லை.
தலைக்கு மேல் வரிசையாக வெள்ளை அங்கிகள்.
ஒவ்வொரு கழுத்திலும் குத்திய சீட்டில்
ஓட்டல் பெயர், அறை எண்.
அந்த நாற்பத்தைந்து. அந்த அறுபது.
"நான் இருநூத்திப் பதினொண்ணு" என்று காலை நீட்டினான் வள்ளி.
சகாயராஜுக்கு சூட் அறை கிடைத்தது.
ஜபருல்லா நோட்டைத் திறந்து
மீதி பன்னிரண்டு என்று எழுதி
இரண்டு தரம் அடிக்கோடிட்டான்.

போன் அதிர்ந்தது. பதினோரு நாள் கழித்து ஒரு வரி:
அங்க நெஜமாவே மழையா? எங்க தங்கியிருக்கீங்க?

மேலே பார்த்து எண்ணை வாசித்தேன்.
முன்னூற்று நாலு என்று அனுப்பினேன்.

அனுப்பிய கையோடு
முன்னூற்று நாலின் வலது கைமடிப்பிலிருந்து
ஒரு சொட்டு என் நெற்றியில்.
நகர்ந்து படுக்க
இடமில்லை.