பாடபேதம்

பானை ஓடு எதையும் நான் தொட்டதில்லை.
எனக்கு வந்துசேர்வது எண்கள் மட்டும்:
ஓலொமௌட்ஸ் அருங்காட்சியகத்தின் நிலவறையிலிருந்து
வெள்ளிதோறும் மாலை நாலரைக்கு
பொஹ்தனா அனுப்பும் அட்டவணை.

ஏழாயிரம் வருடங்களுக்கு முன்னால்
மொராவா ஆற்றங்கரையில் யாரோ
ஈரக் களிமண்ணில் கோடு இழுத்தாள்.
கோட்டின் முனையில் ஒரு குழி.
எலும்பூசியா, நகமா, தெரியாது.
அதைப் பார்த்து இன்னொருத்தி இழுத்தாள்,
அவளைப் பார்த்து அடுத்தவள்.
(‘அவள்’ என்பதற்கு ஆதாரம் இல்லை.
அட்டவணையில் அந்தக் கட்டம் காலி.)

ஏடு பார்த்து எழுதியவன் கண்தவறினால்
பாடபேதம் என்று குறித்துவைக்கலாம்.
இங்கே மூல ஏடே கிடையாது.
பேதங்கள் மட்டும், நாற்பதாயிரம் துண்டு.

யாரும் எதையும் அழகென்று நினைக்காமல்
கண்ணில் பட்டதை அப்படியே பெயர்த்து,
எப்போதாவது கை பிசகினால்
ஒரு வடிவம் எத்தனை தலைமுறை தாங்கும்?
இதுதான் என் கேள்வி.
கணினியில் பத்தாயிரம் தடவை
ஒரே ஊரைப் பிறக்கவைத்து அழிப்பேன்.
மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும்.

நிஜ ஊர் பெரும்பாலும்
அந்தப் பத்தாயிரத்துக்குள் அடங்கிப்போனது,
ஒரே ஓர் இடம் தவிர.

பெட்டிகள் கால வரிசையில் இருந்தன.
எண் ஏற ஏற வயது குறையும்.
நாற்பத்தொன்றாம் பெட்டியைத் தாண்டியதும்
குழி வைத்த கோடு
நூற்றுக்குப் பதினெட்டு, முப்பத்தேழு, அறுபது.
தற்செயல் இப்படிப் படியேறாது.
யாரோ விரும்பியிருக்கிறார்கள்.

எனக்குக் கொண்டாட்டம்.
அக்கரையிலிருந்து வாழவந்த பெண்கள்,
அவர்கள் கையோடு வந்த வடிவம்,
அதைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஊர் என்று
மூன்று பக்கம் எழுதிவிட்டேன்.
வரைபடத்தில் நான் வைத்த ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில்
களிமண்ணில் ஒரு புள்ளி இருக்கும்
என்ற நம்பிக்கையில்.

பிறகு பொஹ்தனாவின் இரண்டு வரி:
“ஐம்பத்திரண்டாம் பெட்டியை மறுபடி எண்ணினேன்.
இருபத்தொன்றுதான் வருகிறது.”

ரயிலேறிப் போனேன்.
நிலவறையில் குளிர். மின்கெண்டியில் தேநீர்.
போன மார்ச்சில் அவளுக்கு முழங்கால் அறுவை.
நாற்பத்திரண்டிலிருந்து எண்ணியது ஸ்திஸ்லாவ்.
அவன் விலேமாவுக்குக் காட்டிக்கொடுத்தான்.
விலேமா, கோடை விடுமுறைக்கு வந்த
இரண்டு மாணவர்களுக்கு.

ஒரே ஓட்டை மூவர் முன்னும் வைத்தோம்.
குழி, என்றான் ஸ்திஸ்லாவ்.
குழி, என்றாள் விலேமா, கொஞ்சம் உரக்க.
பொஹ்தனா வெகுநேரம் பார்த்தாள்.
கோடு முடிந்து
கையைத் தூக்கிய இடம், என்றாள்.

நான் கண்டுபிடித்த மலையேற்றம்
ஆற்றங்கரையில் நடக்கவே இல்லை.
மார்ச்சுக்கும் ஆகஸ்டுக்கும் நடுவே
இரண்டு மேசைகளுக்கு இடையில் நடந்தது.
ஒருவன் கண்டான், ஒருத்திக்குப் பிடித்திருந்தது.
அன்றிரவு விடுதி அறையில்
மாதிரியிலிருந்து ஊரை எடுத்துவிட்டு
இவர்களைப் போட்டேன்.
ஐந்து பேர், ஆறு மாதம்.
கச்சிதமாகப் பொருந்தியது.
சிரிப்பதா என்று தெரியவில்லை.

மறுநாள் ஸ்திஸ்லாவ் மன்னிப்புக் கேட்டான்.
பொஹ்தனா பதில் சொல்லாமல்
மேசை விளக்கை இடப்பக்கம் நகர்த்தினாள்: குழி.
வலப்பக்கம் நகர்த்தினாள்: ஒன்றுமில்லை.
மறுபடி இடம். மறுபடி வலம்.
ஏழாயிரம் வருடம் அவள் விரலடியில்
திறந்து திறந்து மூடியது.

கடைசியில் புதுக் குறியீடு ஒன்று சேர்த்தோம்.
ஒன்பது என்றால்: பார்த்தோம், தெரியவில்லை.
இல்லை என்பதற்குப் பூஜ்யம்,
தெரியவில்லை என்பதற்கு ஒன்பது,
இரண்டையும் கலக்கக் கூடாது என்று
சுவரில் எழுதி ஒட்டினாள்.

பெட்டிகள் முதலிலிருந்து திறக்கப்படுகின்றன.
என் மூன்று பக்கம் இன்னும் அழியாமல் இருக்கிறது,
அந்தப் பெண்கள் அக்கரையிலேயே நிற்கிறார்கள்.

நேற்று கைப்படிவங்களின் நகல் வந்தது.
பக்கம் பக்கமாக ஒன்பது.
பொஹ்தனா அதன் வாலை
இடப்பக்கம் சுழித்து முடிக்கிறாள்.
விலேமாவுடையதும் இப்போது சுழிகிறது.
ஸ்திஸ்லாவினுடையது
பதினான்காம் பக்கம் வரை நேராக இருந்தது.