ஏழாம் இலக்கத்தின் கீழ்

விடிய ஐந்தரைக்குத் தொடங்க வேணும்.
ஆறரைக்குக் காகம் வந்துவிடும்,
அதற்கு முன்னமே நாய்.

காற்றாடியைச் சுற்றி
ஐந்து மீற்றருக்கு ஒரு கயிறு.
கயிற்றோடு நடவுங்கோ அக்கா,
மேலே பார்க்காதேங்கோ,
இடமும் வலமும் நிலத்தை மட்டும் என்றான்
பயிற்சி தந்த பெடியன்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
முகமாலையில் ஆறு வருசம்
இதே கயிறு, முழந்தாளில்.

அப்போது தேடியது வெடிக்காததை.

முதல் வவ்வாலை நித்திரை என்றே நினைத்தேன்.
நாயுருவிப் பற்றைக்குள் குப்புற,
செட்டையைத் தானே போர்த்துக்கொண்டு.
முறிவில்லை. ரத்தமில்லை.
பூநகரிக்கு வந்த மிருக வைத்தியர்
நெஞ்சைத் திறந்து காட்டினார்:
காற்றாடியின் செட்டை இதைத் தொடவேயில்லை,
அது கடந்த பின்னால்
காற்று ஒரு கணம் இளகும்,
அந்த இளக்கத்தில் நுரையீரல் வெடிக்கும்.

பக்கத்தில் நின்ற நிரூபா
என்னைப் பார்த்தாள்.
நான் கையுறையைக் கழற்றினேன்.

மாதத்தில் ஒருநாள் எனக்குத் தெரியாமல்
அவர்களே பத்து வவ்வால் போட்டுவைப்பார்கள்,
குளிர்ப்பெட்டியில் இருந்து எடுத்து
காலில் வெள்ளை நூல் கட்டி.
நான் ஆறைக் கண்டெடுப்பேன்.
காணாத நாலு, நரி கொண்டுபோனது,
எறும்பு தின்று முடித்தது
எல்லாவற்றுக்கும் ஒரு பெருக்கல் இருக்கிறது.
எட்டு கிடைத்தால்
இருபத்தொன்று என்று எழுதுவார்கள்.

கிடைக்காததையும் எண்ணுவார்கள்.
அந்தத் தாளை
இரண்டு தரம் வாசித்தேன்.

கரண்ட் எனக்கும் வேணும்.
மகளுக்கு இந்த வருசம் சோதனை.
ஆனால் சோளகம் முறுகும் இரவுகளில்
வவ்வால் வெளிக்கிடாது,
தலையில்லாப் பனைகளின் பொந்துக்குள்ளேயே கிடக்கும்.
மெல்லிய காற்றில்தான் பூச்சி பிடிக்க வரும்.
மெல்லிய காற்றில் காற்றாடிக்கும்
பெரிய உழைப்பில்லை.
அந்த இரவுகளில் மட்டும் நிற்பாட்டினால் என்ன?
படிவத்தின் ‘வேறு குறிப்புகள்’ பெட்டிக்குள் எழுதினேன்.
சின்னப் பெட்டி.
கேள்விக்குறி வெளியே போய்விட்டது.

இன்றைக்குப் பின்னேரம் காற்று விழுந்தது.
வேலிக் கிளுவையில் இலை அசையவில்லை.
சட்டை முதுகோடு ஒட்டுகிறது.
மேலே ஏழாம் இலக்கம் மட்டும்
அவசரமில்லாமல் சுற்றுகிறது.

நாளைக்கென்று ஒன்பது பை எடுத்துவைத்தேன்.
விளக்கை அணைத்துவிட்டு வந்து
இன்னும் இரண்டு.