முப்பது மில்லி

பத்தாயிரம் லிட்டர் என் முதுகுக்குப் பின்னால்.
பதினோரு வருஷமாய் மொண்டெர்ரேயின் மேட்டுத் தெருக்களுக்குத்
தண்ணீர் லாரி ஓட்டுகிறேன்.
பிரேக் போட்டால்
ஒரு நொடி யோசித்துவிட்டு
முன்னால் வந்து மோதும்.
தண்ணீருக்கும் தொப்பை உண்டு என்று
குழாய் இழுக்கும் ரொஹெலியோவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்,
நூற்று அறுபத்தெட்டு கிலோவாய் இருந்த நாளில்.

சிவப்பு விளக்கு பச்சையாவதற்குள்
ஒரு பெரிய பாட்டில் கோலா முடிப்பவன் நான்.
அண்ணாந்தால் தொண்டையில் மதகு திறக்கும்.

இப்போது என் வயிறு
ஒரு வாழைப்பழம் அளவு என்கிறார் டாக்டர்.
மீதியை வெட்டி எடுத்தாயிற்று.
எங்கே போட்டீர்கள் என்று கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

குழந்தைக்கு மருந்து ஊற்றும் குட்டிக் குவளை.
முப்பது மில்லி.
அதையும் ஒரே மூச்சில் அல்ல.
நாக்கில் நிறுத்தி, பேர் ஊர் விசாரித்து,
பிறகுதான் உள்ளே விட வேண்டும்.
அவசரப்பட்டால்
நெஞ்சுக்குழியில் ஒரு கல் ஏறி உட்காரும்,
வாடகை தராமல்.

ஒப்துலியா கோழி வடிவ கடிகாரம் ஒன்று வாங்கி வந்தாள்.
முட்டை வேகவைக்கும்போது வைப்பது.
பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கொக்கரிக்கும்.
குடி.
கொக்கரிக்கும்.
குடி.
குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள்,
மிடறுக்கு ஒரு டிக்.

யாரும் சொல்லாத ஒன்று:
தண்ணீர் கசக்கும்.
பழைய சாவியை நக்கியது போல.
ஊரே குடத்தோடு ஓடிவரும் பொருள்
என் வாயில் துருப்பிடித்தது.

ஒன்பதாம் நாள் கோழியைத் தலையணைக்கு அடியில் போட்டேன்.
டிக் மட்டும் ஒழுங்காய் விழுந்தது.
மாலையில் பார்த்தால்
சிறுநீர் கடுங்காப்பி நிறம்.
கால்பந்தில் யாரோ கோல் போட, எழுந்து கத்தப் போனேன்,
தரை எழுந்து என்னிடம் வந்தது.

மருத்துவமனையில் யாதிரா என்ற நர்ஸ்
என் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டாள்.
விட்ட பிறகும் அது மடங்கவில்லை.
சன்னலுக்கு வெளியே தெரியும் சேண மலை போல
இரட்டை முகடாய் நின்றது.
அவள் திட்டவில்லை. ஒரு பையைத் தொங்கவிட்டாள்.
ஒரு லிட்டர், சொட்டுச் சொட்டாய்.
என் வாசலுக்கும் லாரி வந்துவிட்டது.
ஒப்துலியாதான்
கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தாள்.
நாற்பத்தொரு டிக்.
"கிட்னிக்கு எழுதப் படிக்கத் தெரியாது" என்றாள்.
அவ்வளவுதான் சொன்னாள்.
பிறகு அந்தத் தாளாலேயே எனக்கு விசிறினாள்,
ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையில்.

ஆறு வாரம் கழித்து வேலைக்குப் போனேன்.
சட்டைக்குள் இன்னொருவன் ஒளிந்துகொள்ளலாம்,
பெல்ட்டில் ஆணியால் அடித்த மூன்று புது ஓட்டைகள்.
ரொஹெலியோ குழாயைத் தோளில் போட்டு ஏறுகிறான்.
நீலப் பீப்பாய், பெயிண்ட் டப்பா, குழந்தைகளின் குளியல் தொட்டி,
வரிசை வளைவு வரைக்கும்.

கடைசிப் பீப்பாய்க்காரர் எலியூதெரியோ
செம்பருத்திச் சாறு நிறைந்த கண்ணாடிக் குவளையை நீட்டினார்.
ஐஸ் கிணுகிணுத்தது.
இருப்பதிலேயே நல்லதைத் தந்திருக்கிறார்,
அந்தத் தண்ணீரும் போன வாரம் நான் ஊற்றியதுதான்.
வேண்டாம் என்றால் அவமானம்.
குடித்தால் சர்க்கரை, மயக்கம், தெருவோரம் வாந்தி.

அப்போது இருக்கைக்கு அடியில் கோழி கொக்கரித்தது.

சட்டைப் பையிலிருந்து குட்டிக் குவளையை எடுத்து
என் குடுவையிலிருந்து கோடு வரைக்கும் ஊற்றினேன்.
சாற்றை ரொஹெலியோ வாங்கி
ஒரே மடக்கில் முடித்தான், படுபாவி.
பார்த்துக்கொண்டே இருந்தேன் அவன் தொண்டையை.

வாளியைத் தலையில் கவிழ்த்திருந்த ஒரு சிறுமி
விளிம்பைத் தூக்கிக் கேட்டாள்:
"உனக்கும் முறை வைத்துத்தான் விடுகிறார்களா?"

வாயில் தண்ணீர். தலையாட்டினேன்.

"எத்தனை நாளைக்கு ஒரு தரம்?"

விழுங்கும் வரை காத்திருந்தாள்.
கால் மணிக்கு ஒரு தரம் என்றேன்.

"அதிர்ஷ்டக்காரன்" என்றாள்,
"எங்களுக்குச் செவ்வாயும் சனியும்தான்."

குவளையில் இன்னும் பாதி இருந்தது.