ஐந்து சொற்கள்

மருந்து பாலத்தின் நடுவில் நிற்கிறதாம்.
முன்னால் ஒரு லாரி குறுக்கே கிடக்கிறது என்கிறார்
ஓட்டுநர் ஹனாஃபி.
ஈயப் பெட்டிக்குள் இருக்கும் சர்க்கரைக்கு
நெரிசல் தெரியாது.
நூற்றுப் பத்து நிமிடத்தில் அது பாதி,
இன்னொரு நூற்றுப் பத்தில் பாதியின் பாதி.
நான் கணக்கை மறுபடி போடுகிறேன்.

மரியதாஸ் விடியுமுன்னே வந்துவிட்டார்.
முழுக்கைச் சட்டை, கையுறை, கறுப்புக் குடை,
தொப்பிக்குக் கீழே வெல்டிங் கண்ணாடி.
"மழையே இல்லையே அங்கிள்" என்று
காவலாளி சிரித்தானாம்.

பாகான் டாலாம் கப்பல் பட்டறையில்
இருபத்தாறு வருஷம்
வெளிச்சத்தைக் கறுப்புக் கண்ணாடி வழியாகவே
பார்த்தவர்.
மூன்று வாரம் முன்பு
ஒளிக்குக் காத்திருக்கும் ஒரு மருந்தை நரம்பில் ஏற்றி
இரண்டு நாள் கழித்து
குரல்நாணின் இடது ஓரத்தில்
சிவப்பு லேசரைப் பிடித்தார்கள்.
"என் வேலைய என் தொண்டைக்குள்ளயே பாத்துட்டாங்க"
என்றார், காற்று அதிகமும் குரல் குறைவுமாக.
மிச்ச மருந்து இன்னும் தோலில் இருக்கிறது.
வெயில் பட்டால் வெந்துவிடும்.

எட்டரைக்குப் பெட்டி வந்தது.
ஊசி போட்டேன்.
போட்டதும் இரண்டடி தள்ளி நின்று சொன்னேன்:
ஒரு மணி நேரம் பேசக்கூடாது.
மெல்லவும் கூடாது.
உழைக்கிற தசை சர்க்கரையைத் தின்னும்,
கட்டியும் தின்னும்,
படத்தில் இரண்டும் ஒரே வெளிச்சம்.
தலையாட்டினார். திரையை இழுத்துவிட்டேன்.

நாற்பதாவது நிமிடம்
கேமராவில் பார்க்கிறேன்: கைப்பேசி மினுங்குகிறது.
எடுக்காதீர்கள். எடுத்துவிட்டார்.
பட்டறைப் பையன், பதற்றமாக,
வற்றுக்கு முன் கப்பல் இறங்கவேண்டும்,
அடிப்பலகையில் விரிசல், எந்தக் குச்சி?
"எழுபது பதினெட்டு. காஞ்ச குச்சியா பாரு."
வைத்துவிட்டு
கேமராவை நிமிர்ந்து பார்த்தார்,
திருடன் மாதிரி.

வளையத்துக்குள் படுத்தார்.
அவருக்குள் ஒவ்வொரு கணமும்
இரண்டு ஒளித்துகள் ஒன்றாகப் பிறந்து
முதுகு காட்டிப் பிரிந்தன.
இரண்டையும் பிடித்துப் பிறந்த இடத்தைச் சொல்வதுதான்
இந்த எந்திரத்தின் மொத்தத் தொழில்.

இடது ஓரத்தில் ஒரு புள்ளி.

டாக்டர் யோக் லின் பெரிதாக்கினார், சிறிதாக்கினார்.
மிஞ்சிய கட்டியாக இருக்கலாம்.
வெந்த இடத்தை ஆற்ற வந்த அணுக்களாகவும் இருக்கலாம்,
அவற்றுக்கும் பசி உண்டே.
"பேசினாரா?" என்று கேட்டார்.

இல்லை என்றால்
என் திரைச்சீலைக்கு ஒரு குறையும் வராது.
படிவத்தில் அதற்கென்று கட்டமும் இல்லை.
கடைசி வரிக்குக் கீழே தட்டினேன்:
நாற்பதாவது நிமிடம், ஐந்து சொற்கள்.
அவர் வாய்க்குள் எண்ணிப் பார்த்தார்,
ஐந்துக்கு இவ்வளவு வெளிச்சம் வருமா என்று.
பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்கலாம்.

வெயில் இருக்கும்வரை மரியதாஸ் வீடு போகமுடியாது.
இருட்டறை ஒன்றில் உட்காரவைத்து
சர்க்கரை போட்ட தே ஓ கொடுத்தேன்.
மாலை ஏழரைக்குள் நான் ஏற்றியதில்
ஐம்பதில் ஒரு பங்குகூட மிஞ்சாது,
இன்றைக்குக் கைக்குழந்தையை மட்டும் தூக்கவேண்டாம் என்றேன்.

கைப்பேசியை நீட்டினார்.
பையன் அனுப்பிய படம்:
விரிசல் மேல் மீன்செதில் போல ஒரு தையல்,
இன்னும் சிவந்துகொண்டு.
விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினார்,
டாக்டர் செய்தது போலவே.
நல்லா இருக்கா, என்றேன்.
"சூட்டுல ஒன்னும் சொல்லமுடியாது.
ஆறட்டும். கசடத் தட்டிட்டுப் பாக்கணும்."

ஏழே முக்காலுக்குக் குடையை எடுத்தார்.
வெளியே மழை பிடித்திருந்தது.