லேபிளில் இடம் போதவில்லை

பிடோக் ரெசர்வோயர் சாலைக் காப்பிக்கடையில்
மின்விசிறிக்கு நேர்கீழ் மேசை.
மாதத்தின் இரண்டாம் வெள்ளி மூவர் கூடுவோம்
ஒரே ஆளைப் பற்றிப் பேச.
எங்களில் எவரும் பார்த்திராத ஆள்.

முதலில் ஃபைரூஸ். எப்போதும் அவன்தான் முதலில்.
தொண்ணூற்று இரண்டு, தெம்பனிஸ், மாமா வீட்டில் பெருநாள்.
பச்சை உறையில் வந்த இரண்டு வெள்ளியோடு
பையன்கள் அறைக்குள் நுழைந்தானாம்.
"ஒன்பது பேர். எனக்கு முறையே வரவில்லை.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
பள்ளத்தில் விழுந்தால் அவன் சாகமாட்டான், கவனித்தீர்களா?
நொண்டுவான். கொஞ்ச தூரம் நொண்டிவிட்டு
நொண்டுவதை மறந்து ஓடுவான்.
அங்கேதான் நான் விழுந்தேன்."

அல்லிமலர் சொல்வது ஒவ்வொரு முறையும் மாறும்.
போன மாதம் அண்ணன் வாங்கிய டிஸ்க் என்றாள்,
இன்று பள்ளிக் கணினிக் கழகம் என்கிறாள்.
மாறாதது அந்தத் திறக்காத கதவு.
தட்டினால் உள்ளிருந்து யாரோ இருமுவார்கள்,
கீச்சென்று மட்டுமே கத்தத் தெரிந்த அந்த ஸ்பீக்கரில்
ஒரு வயதான இருமல்.
சாவி கிடையாது. புதையல் கிடையாது.
உள்ளே யார் என்று யோசித்து யோசித்தே
தாதியாகிவிட்டேன் என்கிறாள்.
நாங்கள் நம்புவதில்லை. தேநீர் ஆறுகிறது.

என்னுடையது மழையில் நடந்தது.
அங் மோ கியோ, பதினோராம் மாடி,
சமையலறைச் சன்னலுக்கு வெளியே
மூங்கில் கழிகளில் அப்பாவின் சீருடை.
அம்மா கத்தினாள். ஆட்டத்தை நிறுத்தாமல் ஓடினேன்.
ஏழு கழி. நனைந்த துணியின் கனம்.
திரும்பி வந்தால்
பாலத்தின் நடுவில் அவன் உட்கார்ந்திருக்கிறான்.
காலணியைக் கழற்றித் தலைகீழாய்த் தட்டினான்.
ஒரு புள்ளி விழுந்தது.
கல்.
மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான்.
விரலில் மழைநீர் சொட்ட அப்படியே நின்றேன்.
நான் இல்லாத நேரத்துக்கும் சேர்த்து
யாரோ எங்கோ கண்விழித்திருக்கிறார்.

டிஸ்க்கை உருவிப் பெயரைத் தேடினேன்.
நீல மையில், ஆங்கிலத்தில்: எல். வெங்க்.
அதோடு லேபிள் முடிந்துவிட்டது.
வெங்கடேசனா, வெங்கடாசலமா,
எப்படியும் நம்மாள்!
தொடக்கநிலை ஆறு முழுக்க அதையே சொல்லித் திரிந்தேன்.
சிராங்கூன் சாலையில் கண்ணாடி போட்ட எவரைக் கண்டாலும்
ஒரு கணம் கால் நின்றது.
பத்தொன்பது வயதில் தெரிந்தது:
லார்ஸ் வெங்கெல். டென்மார்க்காரர்.
துக்கம் மாதிரி ஒன்று. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

சியூ லிங் இன்றுதான் முதன்முறை வந்திருக்கிறாள்,
ஃபைரூஸின் அலுவலகத் தோழி.
இதுவரை வாய் திறக்காதவள் பேனா கேட்டாள்.
காகிதத் துண்டின் ஓரத்தில் எழுதினாள்.
எல். வெங்க்.
கடைசி எழுத்தின் கால்
விளிம்பைத் தாண்டி மேசைமேல் கொஞ்சம் ஓடியது.

"சிம் லிம், மூன்றாம் மாடி, அப்பா கடை.
எனக்கு ஒன்பது வயது. லேபிளுக்கு ஐந்து காசு.
பெரிதாக எழுதத் தொடங்கிவிடுவேன், இடம் போதாது.
அப்பா சொல்வார், விடு,
பேரை யார் படிக்கப்போகிறார்கள்."

மின்விசிறி சுற்றுகிறது.
"ஆடியிருக்கிறாயா?" என்றாள் அல்லிமலர்.

"ம்ஹும். நகல் சரியா என்று பார்க்க
ஒவ்வொன்றையும் அப்பா கொஞ்ச நேரம் ஓடவிடுவார்.
விசையைத் தொடமாட்டார்.
ஒருவன் வருவான், நிற்பான், உட்காருவான்,
காலணியைத் தட்டுவான்.
ஆட்டமே அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.
நல்ல ஆட்டம் என்றும் நினைத்தேன்."

கடைக்காரர் நாற்காலிகளைக் கவிழ்க்கத் தொடங்கிவிட்டார்.
ஃபைரூஸ் பேனாவை வாங்கி
விடுபட்ட எழுத்துகளைச் சேர்க்கக் குனிந்தான்.
காகிதத்தைக் கையால் மூடினேன்.