பொருள் எண் ஏழு

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில்
ஓடியவன் போட்டுவிட்டுப் போன கோணிப்பை.
ஈயக்குண்டு பதினொன்று. ஒற்றைச் செருப்பு.
பாதி தின்ற வேர்க்கடலை உருண்டை.
மகஜரில் ஏழாவதாக எழுதினேன்:
மருந்துக் கொம்பு, மாட்டினுடையது, ஒன்று.

அதற்குமேல் எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை.

டார்ச்சில் உருட்டிப் பார்த்தால்
கொம்பைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது
பத்தலப்பல்லிச் சாலை.
மயிரிழைக் கோடு, கரி தேய்த்த கறுப்பு.
பன்றி புரளும் சேறு. யானை அகழி.
அகழி தூர்ந்துபோன இடம், துறைக்கே தெரியாதது.
பித்தளை மூடி திருகிய நுனியில்
ஆந்திரா தொடங்குகிறது.
அகன்ற அடியில், மரத்தக்கை ஓரம்,
கடுகளவில் ஒரு நாற்காலி.
அதில் நான்.
நாலாவது காலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருப்பது உட்பட.

ரேஞ்சர் கேட்டது துப்பாக்கியை.
நான் தேடியது கோட்டை.

நாலு நாள் லீவு.
பேர்ணாம்பட்டுத் தோல் ஷாப்புகளின் பின்வாசல் எல்லாம்
ஒரு துணிப்பையோடு ஏறி இறங்கினேன்.
எலும்பு மில்லில் எடை போடும் முனிரத்தினம்தான்
நகத்தால் வருடிவிட்டுச் சொன்னான்:
"மத்தவங்க கோடு கொம்புமேல போவும்.
இது உள்ள போவுது. வாஜித் பாய்."

செல்போன் ரீசார்ஜ் கடைக்குப் பின்னால்
மயிர் தீய்ந்த நாற்றத்தில் உட்கார்ந்து
ஆம்பூர் கம்பெனிக்குக் கோட்டுப் பொத்தான் அறுத்துக்கொண்டிருந்தார்.
என் வயதுதான் இருக்கும்.
"சட்டைய மாத்திட்டு வந்தீங்க,
ஷூவ மாத்தலியே" என்றார்.

கொம்பை வாங்கி முதலில் முகர்ந்தார்.
"மருந்து நமுத்திருக்கு.
தக்கையில மெழுகு வைக்கச் சொன்னேன், கேக்கல."

யார் செய்யச் சொன்னது?

"வந்தாரு, சொன்னாரு, கீறினேன்.
காட்டுக்குள்ள நான் கால் வெச்சதில்ல சார்.
யானைன்னா பயம்."
தீட்டிய சைக்கிள் கம்பி ஒன்று
காதில் பென்சில் மாதிரி செருகியிருந்தது.

புளியமரம் தப்பு, என்றேன்.
கேட்க வந்தது அது இல்லை. வாயில் வந்துவிட்டது.
எனக்கு வலப்பக்கம் நிற்கிற மரம்,
இடப்பக்கம் போட்டிருக்கிறீர்கள்.

"அவரு மேல இருந்து பாத்து சொன்னாரு.
உங்க வலம் அவருக்கு இடம்."

கொஞ்ச நேரம் ரம்பம்கூட ஓடவில்லை.

எத்தனை இரவு, எந்தப் பாறையில்,
நான் பிளாஸ்க்கைத் திறப்பதை எண்ணிக்கொண்டு.

ரெண்டு மணிக்குமேல் நான் தூங்கிவிடுவேன்,
அதையும் சொல்லியிருப்பானே, என்றேன்.
இதில் கண்ணைத் திறந்துவைத்திருக்கிறீர்கள்?

"சொன்னாரு."
பொத்தான் தூளை ஊதிவிட்டார்.
"மூடின கண்ணுக்கு வளைவு வேணும்.
இந்த அளவுல கம்பி வழுக்கிரும்.
தொறந்த கண்ணுன்னா ஒரு குத்து, அவ்ளோதான்."

கொம்பை அரக்கு முத்திரையிட்டுக் கோர்ட்டுக்கு அனுப்பியாகிவிட்டது.
செய்தவர் பெயர் என்ற கட்டத்தில்
விசாரணையில் உள்ளது என்று எழுதினேன்.
எழுதியபின் பேனா மூடியைத் தேடினேன், கிடைக்கவில்லை.

இன்று இரவு, மணி ஒன்றே முக்கால்.
வி.கோட்டாவிலிருந்து தக்காளி லாரி ஒன்று இறங்கிப் போனது.
எழுந்து, குனிந்து,
நாற்காலிக்கு அடியிலிருந்து செங்கலை உருவினேன்.
மூச்சுவிட்டாலும் ஆடுகிறது இப்போது,
தூங்க வழியில்லை.

மேலே இருக்கிறவன் பார்த்திருப்பான்.
வாஜித் பாய் அடுத்த கொம்பில்
இதைத் திருத்த வேண்டியிருக்கும்.