மூன்றாம் தடம்

நூறு மைக்ரோலிட்டராய் வந்து சேர்ந்தாய்.
கிளிசரால் கலந்திருப்பதால்
மைனஸ் இருபதிலும் உறைய மாட்டாய்,
விருந்துக்கு வந்த வீட்டில்
அரைத்தூக்கம் தூங்குபவரைப் போல.

விலை அறுநூற்று எண்பது வெள்ளி.
ஒரு துளிக்கு எவ்வளவு என்று
ஒருமுறை கணக்குப் போட்டேன்.
பிப்பெட் பிடிக்கும் கை நடுங்கக் கூடாதென்று
உடனே மறந்தும் போனேன்.

உன்னோடு வந்த தாள் சொல்கிறது:
முயலில் வளர்க்கப்பட்டது.
மனிதப் புரதத்தின் ஒரு துண்டை
யாரோ அதற்கு ஊசியில் ஏற்றினார்கள்.
தன் உடம்பில் இல்லாத அந்த ஒன்றைப்
பகையென்று படித்தது முயல்.
அதன் மனப்பாடம்தான் நீ.
முயலுக்குப் பெயர் போடவில்லை.
தொகுதி எண் இருக்கிறது.

நீ தேட வேண்டியவர் உட்கருவில் குடியிருப்பவர்.
எந்த மரபணு பேசலாம்
எது வாயை மூட வேண்டும் என்று
டிஎன்ஏ மேல் ஏறி உட்கார்ந்து நாட்டாமை செய்யும் புரதம்.
எடை ஐம்பத்திரண்டு கிலோடால்டன்.
எங்கள் ஆய்வகத்தில் அவர் பெயரே
ஐம்பத்திரண்டார்.

மூன்று வருடம்.
புவன விஸ்தாவில் இறங்கி
ஃபேர்பிரைஸ் பால்மாவைக் கரைத்துச்
சவ்வைக் குளிப்பாட்டி
ஆயிரத்துக்கு ஒன்றாய் உன்னை ஊற்றி
இரவெல்லாம் குளிரறையில் ஆடவிட்டுக்
காலையில் கழுவிக் கழுவிக் கழுவி
இருட்டுப் பெட்டிக்குள் வைத்தால்
சொன்ன இடத்தில் ஒரு கரிய கோடு.
ஐம்பத்திரண்டார் ஆஜர்.
அன்றைக்குக் கோப்பியில் சீனி கூடுதல்.

போன வாரம் ஜியா யீ
அந்த மரபணுவையே வெட்டியெடுத்த செல்களை
வளர்த்துக் கொடுத்தாள்.
வீட்டையே இடித்தாயிற்று, ஆள் இருக்க வழியில்லை.
மூன்றாம் தடத்தில் இட்டேன்.

இன்றிரவு ஒன்பது ஐம்பதுக்குத் திரையில்
முதல் தடம், கோடு.
இரண்டாம் தடம், கோடு.
மூன்றாம் தடம்
அதே உயரத்தில்
அதே கறுப்பில்
கூச்சமே இல்லாமல்.

மாற்றி ஊற்றிவிட்டேனா? இல்லை.
வெட்டு சரியா? வரிசை படித்துப் பார்த்தாயிற்று, சரி.
இன்னும் முப்பது நொடி ஒளி காட்டினேன்.
கோடு தடித்தது, அவ்வளவுதான்.

படத்தின் வலது ஓரத்தை நறுக்கினால்
இரண்டு தடம் மட்டும் தெரியும்.
சுட்டி அங்கே போய் நின்றது.
உண்மையைச் சொன்னால்,
கொஞ்ச நேரமே நின்றது.

ஜியா யீக்கு முழுப் படத்தையும் அனுப்பினேன்.
எங்கள் சொல்லையே எடுத்து
'ஐயோ' என்று பதில் எழுதினாள்.
பிறகு மூன்று புள்ளிகள் தோன்றி
மறைந்து
தோன்றி
ஒன்றும் வரவில்லை.

உன் மேல் கோபம் வருமென்று காத்திருந்தேன்.
முயல் படித்ததைத்தானே ஒப்பித்தாய்.
யாரோ ஒருவர், அதே எடையில்,
எங்கோ ஒரு வளைவில் அதே சாயலில்
இத்தனை நாளும் அங்கே இருந்திருக்கிறார்.
வேறொருவர் பெயரைக் கூப்பிட்டபோதெல்லாம்
எழுந்து நின்றிருக்கிறார்.
இரண்டு கட்டுரைகளில்
அவர் படம் வந்திருக்கிறது.
நீங்கள் யாரென்று
நாங்கள் கேட்டதில்லை.

மிச்சம் பதினெட்டு மைக்ரோலிட்டர்.
மூடியில் தேதிக்குப் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டு
உன்னைத் திரும்ப மைனஸ் இருபதில் வைக்கிறேன்.

கடைசி ரயிலுக்கு ஏழு நிமிடம்.
பால்மாவு தீர்ந்துவிட்டது,
நாளைக்கு வாங்க வேண்டும்.